கோவிவன் என்னும் நாய்: நடுகல்லும் புறத்திணையும்

தமிழ்ப் புறத்திணை நூல்கள் போரிடும் விலங்குகளை மறந்தவை அல்ல. நாற்படையுள் யானையும் குதிரையும் இரு கூறுகளாக எண்ணப்பட்டன. புறப்பொருள் வெண்பாமாலை தும்பைப் படலத்துள் யானை மறம், குதிரை மறம் எனத் தனித்தனித் துறைகளையே வகுத்துக் காட்டுகிறது. நிரை கவர்தலும் மீட்டலும் ஆகிய வெட்சியும் கரந்தையும் ஆனிரையை நடுவாகக் கொண்டே எழுந்தன. ஆயினும், நிரையோடு இரவும் பகலும் உடன் திரிந்து, கள்வர் வரவை மனிதனுக்கு முன்னே உணர்ந்து, வில்லும் வேலும் ஏந்தியவனோடு ஒருங்கு நின்ற நாய்க்கு அந்நூல்களில் துறை ஒன்றும் இல்லை. ‘நாய் மறம்’ என ஒன்றினை வகுக்க இலக்கண ஆசிரியர் எவர்க்கும் தோன்றவில்லை. இலக்கணம் ஒழித்த இவ்விடத்தைக் கல் நிரப்பியுள்ளது. அக்கல்லின் சொற்கள் உண்மையில் எதனைக் கூறுகின்றன, எதனைக் கூறாது விடுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் இலக்கியம் நாயை எவ்விடத்து நிறுத்தியது என்பதைக் காணல் வேண்டும். சங்கப் பாடல்களில் நாய், ஞமலி, ஞாளி என்னும் பெயர்கள் பெரிதும் வேட்டையைச் சார்ந்தே வழங்குகின்றன. தொல்காப்பியர் மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கன் இளமைக்கும் குருளை என்னும் பெயரை உரிமை செய்கிறார். வேட்டை நாயையும் அதனால் வேட்டையாடப்படும் பன்றியையும் முயலையும் ஒரே பெயரின்கீழ் அடக்கிய அந்நூற்பா, காட்டு வாழ்க்கையை நேரில் அறிந்தார் மரபினின்று வந்தது போலும். அது நிற்க.

போர்த்தொழிலோடு நாயை அணுக்கமாகக் காட்டும் இடம் பெரும்பாணாற்றுப்படையில் உளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் குறும்பினைப் புனையுமிடத்து, முள்வேலியும் கழு நிரைத்த வாயிலும் உடைய அவ்வூரில், அம்புக் கட்டுகளும் துடியும் தொங்கும் பந்தரின்கண் தொடரால் நாய் கட்டப்பட்டிருத்தலைக் கூறுகிறார். நெருங்குதற்கு அரிய காவல் மனை என்று அதனைச் சிறப்பிக்கிறார். அம்பும் துடியும் நாயும் ஒரே பந்தரில் அமைந்தமை கருதற்குரியது. அம்பு கருவி, துடி போர்க்கு அழைக்கும் பறை, நாய் காவல். மூன்றும் போர்க்கோலத்தின் உறுப்புகளாகவே புலவர் கண்ணில் பட்டுள்ளன. அதனினும் சிறந்த செய்தி ஒன்று சில அடிகள் கழித்து வருகிறது. பகைவர் காவற்புலம் புகுந்து ஆனிரை கவரும் இளைஞன், விரைந்து செல்லும் நாயை ஒத்த வில்வீரர் சுற்றத்தோடு போகின்றான் என்கிறார் புலவர். வெட்சிப் போர் மேற்செல்லும் மறவர்க்கே நாய் உவமை ஆகின்றது. இவ்வுவமையில் இழிவு ஒரு சிறிதும் இல்லை என்பதை மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

அகநானூற்று 122ஆம் பாட்டு மற்றொரு சான்று. பரணர் பாடிய அப்பாட்டில் தலைவி இரவுக்குறிக்கு இடையூறுகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். ஊர் உறங்கினும் அன்னை உறங்காள். அன்னை உறங்கினும் காவலர் திரிவர். வேல் ஏந்திய இளையர் உறங்கின், கூரிய பல்லும் வலமாகச் சுரிந்த வாலும் உடைய ஞாளி குரைக்கும். ஞாளி அடங்கின் திங்கள் எழும். இவ்வடுக்கில் நாய் பெறும் இடம் யாது? வேலேந்திய காவலர்க்கு அடுத்த இடம். அவர் அயர்ந்த பொழுது அவர்தம் கடமையை ஏற்றுக்கொள்வது அதுவே. அகத்துறைப் பாட்டு எனினும், காவற்படையின் ஒழுங்கினை இதனினும் சுருங்கச் சொல்லிய புறப்பாட்டு உண்டோ என ஐயுறுகிறேன்.

நாலடியார் இன்னும் ஒரு படி மேற்செல்கிறது. நட்பாராய்தலில் யானையையும் நாயையும் எதிர்நிறுத்தி, பழகிய பாகனையே கொல்லும் யானை போல்வாரை விலக்கி, தன் மெய்யில் எறிந்த வேல் நிற்கவும் வால் குழைக்கும் நாய் போல்வாரின் கேண்மையைக் கொள்க என்று அது கூறுகின்றது. நாற்படையில் முதலிடம் பெற்ற யானை ஈண்டுத் தோற்கிறது. படையில் இடமே பெறாத நாய் வெல்கிறது. ஆனால் சமய இலக்கியத்தில் ‘நாயேன்’, ‘நாயடியேன்’ என்னும் தாழ்ச்சிச் சொற்கள் பெருகின. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் அதனை எத்துணை முறை ஆண்டனர் என்பது யாவரும் அறிந்ததே. பாட்டில் நாய்க்கு உவமைத் தகுதி உண்டு, பண்பு உண்டு, தாழ்வும் உண்டு. தனிப்பெயர் மட்டும் இல்லை.

அத்தனிப்பெயரைத் தருவது எடுத்தனூர்க் கல். எடுத்தனூர் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்தைச் சார்ந்த நிலப்பகுதியில் உள்ளது. செங்கமே மலைபடுகடாம் பாடும் நன்னனது செங்கண்மா என்பர். நடுகற்கள் நிறைந்த வழிகளை அப்பாட்டே கூறுகிறது. தமிழகத் தொல்லியல் துறையினர் இப்பகுதியை ஊரூராக ஆய்ந்து படியெடுத்த வட்டெழுத்து நடுகற்கள் இரா. நாகசாமி அவர்கள் பதிப்பில் 1972ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. புறத்திணை பயில்வார்க்கு அத்தொகுப்பு ஓர் உரைநூலுக்கு நிகரானது. காட்சி, கால்கோள் முதலாகத் தொல்காப்பியர் கூறும் நிலைகளை ஏட்டில் படித்தார், அவற்றின் பயனைக் கல்லில் அங்கே காணலாம்.

எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மப் பல்லவனது 34ஆம் ஆட்சியாண்டில் நாட்டப்பட்டது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு உரியது. வாணகோ அரைசர் மருமக்கள் என்று குறிக்கப்பெறும் பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவக்கத்தி என்பான், தன் எருமைகளின் பொருட்டு நிகழ்ந்த பூசலில் பட்டான். அவனுக்கு எடுத்த கல் அது. இளமகன் என்பது ஈண்டு இளைய மைந்தன் என்னும் பொருளதன்று. ஒருவர்கீழ்ப் பணிபுரியும் போர்வீரனைக் குறிப்பது. வீரன் உருவத்தோடு நாய் ஒன்றன் உருவமும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. நாயைக் குறித்துத் தனியே மற்றொரு சிறு வாசகமும் உளது. கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியை அது தெரிவிக்கின்றது.

இக்கல்லை ‘நாய்க்கு எடுத்த நடுகல்’ என்று வழங்குவாரும், நாயும் தலைவனோடு மாண்டது என்று எழுதுவாரும் பலர். வாசகத்தை நிறுத்திப் படித்தால் இவ்விரண்டிற்கும் அதனுள் இடமில்லை என்பது விளங்கும். கல்லில் இருப்பவை ஒன்றல்ல, இரண்டு வாசகங்கள். அவை நடையால் வேறானவை. வீரனுக்கு உரியது ‘பட்டான் கல்’ என முடிகிறது. நடுகற்களில் எங்கும் காணப்பெறும் முடிபு அது. நாய்க்கு உரியதோ ‘காத்திருந்தவாறு’ என முடிகிறது. பெயரெச்சத்தின்மேல் ‘ஆறு’ என்னும் சொல் வந்து, ‘இன்னது செய்த வகை’ என்னும் பொருளைத் தருகின்றது. இது நினைவுக்கல்லின் வாசகம் அன்று. சிற்பத்திற்கு எழுதிய விளக்கம். ‘ஈண்டுக் காணப்படும் உருவம், இந்நாய் இன்னவாறு செய்ததைக் காட்டுவது’ என்பதே கருத்து. சிற்பத்தின் அருகே அது சுட்டும் நிகழ்ச்சியை எழுதிவைக்கும் வழக்கினைப் பிற்காலக் கோயில்களிலும் காண்கிறோம். தாராசுரத்து அடியார் சிற்பங்களை நினைவு கூர்க. கல்லை நட்டவர்கள், மனிதன் உருவத்தைக் கண்டோர் அவன் யார் என வினவுவர் என்று கருதியது போலவே, நாயின் உருவத்தைக் கண்டோரும் அது யாது என வினவுவர் என்று கருதினர். வினவுவார் இருக்குமளவும் விடை அழியாது நிற்கவேண்டும் என்றும் விரும்பினர்.

இனி, ‘காத்திருந்த’ என்னும் சொல். இற்றை வழக்கில் காத்திருத்தல் என்பது ஒருவர் வரவை எதிர்நோக்கி இருத்தலாகும். கல்லில் அப்பொருள் பொருந்தாது. காத்து இருந்த எனப் பிரித்து, காவல் செய்தவண்ணம் அங்கேயே நிலைத்திருந்த எனக் கொள்ளல் வேண்டும். ‘கடித்து’ என்னும் வினையெச்சம் முன்னர் முடிந்த தொழிலையும், ‘காத்திருந்த’ என்பது அதன்பின் நீடித்த நிலையையும் காட்டுகின்றன. எனவே கள்ளரோடு பொருத பின்னும் நாய் அவ்விடத்தே இருந்தது, உயிரோடும் இருந்தது. ‘பட்டது’ என்னும் சொல் நாய்க்கு இல்லாமை எழுதியோர் மறதியன்று. தலைவன் பட்டான், நாய் காத்திருந்தது என்பதே கல் சொல்லும் கதை.

எதனைக் காத்திருந்தது? செயப்படுபொருள் கூறப்படவில்லை. முன் வாசகத்தில் எருமை வருதலின் எருமைகளை எனலாம். தலைவன் வீழ்ந்து கிடந்தமையின் அவன் உடலை எனலும் இழுக்கன்று. என் கருத்து பின்னதன் பாற்படும். எருமையைக் காத்தல் நாயின் நாள்தோறும் நிகழும் தொழில். அதற்கெனக் கல்லில் தனி வாசகம் எழுதுவது மிகை. ஊரார் வந்து கண்ட காட்சி எது அவர் நெஞ்சில் நின்றதோ அதனையே எழுதியிருத்தல் கூடும். எனினும் சொல் வெளிப்படையாகக் கூறாததை முடிந்த முடிபாக உரைத்தல் ஆராய்ச்சி நெறியாகாது.

பெயரும் ஆராயத்தக்கதே. கோவிவன் என்பது அன் ஈற்றுப் பெயர். ஆண்பால் உயர்திணைப் பெயர்களை ஒத்தது. தொல்காப்பியர் பெயரியலில் இருதிணைக்கும் பொதுவான விரவுப்பெயர்களைக் கூறுகிறார். சாத்தன் என்பது மனிதனுக்கும் ஆகும், எருதுக்கும் ஆகும். ‘வந்தான்’, ‘வந்தது’ என்னும் வினைகளே திணையைத் தெளிவிக்கும் என்று உரையாசிரியர்கள் காட்டுவர். வகுப்பறையில் இவ்வெடுத்துக்காட்டைக் கேட்கும் மாணவர், எருதுக்குச் சாத்தன் எனப் பெயரிடுவார் உளரோ என்று நகைப்பதுண்டு. கோவிவன் அவர்க்கு விடை. இன்னொன்றும் காண்க. மனிதனது வாசகத்தில் ‘பட்டான்’ என உயர்திணை ஆண்பால் வினை வந்தது. நாயின் வாசகத்தில் ‘இருந்த’ என்னும் பெயரெச்சம் வந்தது. பெயரெச்சம் திணையும் பாலும் காட்டாது. ‘காத்திருந்தான்’ என்றால் மரபு வழுவும்; ‘காத்திருந்தது’ என்றால் பெயரின் பெருமிதம் குன்றும். எழுதியவன் இதனை எண்ணிச் செய்தானோ, விளக்க வாசகத்தின் அமைப்பு தானே அவ்வாறு அமைந்ததோ, துணிதல் அரிது. எவ்வாறாயினும், ‘நாய்’ என்னும் ஒரு சொல்லை நீக்கிவிட்டால் அவ்வாசகம் ஒரு மறவனைப் பற்றியதாகவே படிக்கப்படும்.

உயிரினங்களுக்குக் கல்நடும் வழக்கம் இதனோடு நில்லாது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்து இந்தளூரிலும் சேவற்போரிற் பொருத கோழிகளுக்கு எடுத்த கற்கள் உள்ளன. இந்தளூர்க் கோழிக்குப் பொற்கொற்றி என்னும் பெயரும் உண்டு. ஆனால் சேவற்போர் விளையாட்டு. எடுத்தனூரில் நிகழ்ந்தது கரந்தைப் போர்.

நாய்க்கே உரிய நினைவுக்கல்லைக் காணவேண்டுமாயின் கன்னட நாட்டு ஆதகூருக்குச் செல்லவேண்டும். அக்கல்லின் வரலாறு தமிழகத்துப் போர்க்களம் ஒன்றில் தொடங்குகிறது. இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும் சோழ இளவரசன் இராசாதித்தனும் பொருதனர். இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே உயிர் துறந்தான்; ‘ஆனைமேல் துஞ்சிய’ என்னும் அடை அதனால் அவனுக்கு ஏற்பட்டது. அவனைக் கொன்றவன் கிருட்டிணனுக்குத் துணைவந்த கங்க மன்னன் பூதுகன். கன்னட நாட்டு மண்டியா மாவட்டத்தில் ஆதகூரில் கிடைத்து, இப்பொழுது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள கல்வெட்டு இதனைக் கூறுகிறது. சக ஆண்டு 872, அஃதாவது கி.பி. 949-950, அதன் காலம்.

சோழர் வரலாறு எழுதுவோர் அக்கல்வெட்டின் இப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மேற்செல்வர். அக்கல் நாட்டப்பட்டதோ இராசாதித்தனுக்காகவும் அன்று, பூதுகனுக்காகவும் அன்று, ஒரு நாய்க்காக. பூதுகனது படையில் மணலரன் என்னும் வீரன் ஒருவன் இருந்தான். அவன் போர்த்திறம் கண்டு மகிழ்ந்த மன்னன், வேண்டுவது கேள் என்றான். மணலரன் நாட்டையும் பொன்னையும் கேளாது, காளி என்னும் பெயருடைய வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர்ப் பெல்தூர் மலைப்பக்கத்தே பெரும்பன்றி ஒன்றன்மேல் அந்நாய் ஏவப்பட்டது. நாயும் பன்றியும் பொருது ஒருங்கே மாண்டன. ஆதகூர்ச் சல்லேசுவரர் கோயிலின் முன் கல் நாட்டி நிலமும் விடப்பட்டது. அந்நிலத்தை நுகரும் பூசகர் அக்கல்லுக்கு வழிபாடு செய்யாமல் உண்பாராயின் பாவத்திற்கு ஆளாவர் என்றும் விதிக்கப்பட்டது. கல்லின் சிற்பத்தில் நாயும் பன்றியும் எதிரெதிர் நின்று பொருகின்றன.

இரண்டு கல்லையும் ஒருங்கு வைத்து நோக்குக. எடுத்தனூரில் மனிதன் மாண்டான், நாய் வாழ்ந்தது. நாய் அவன் கல்லில் இடம் பெற்றது. ஆதகூரில் நாய் மாண்டது, மனிதன் வாழ்ந்தான்; மனிதனது போரும் அவன் மன்னனது வெற்றியும் நாயின் கல்லில் இடம் பெற்றன. சோழ இளவரசன் வீழ்ந்த பெரும்போரைப் பற்றிய தலையாய சான்று, ஒரு வேட்டை நாயின் நினைவுக்கு முன்னுரையாக நமக்குக் கிடைத்திருப்பதை எண்ணும்பொழுது, வரலாற்றுச் சான்றுகள் வந்துசேரும் வழி எத்துணை வியப்புடையது என்பது புலனாகும். காளி தக்கோலக் களத்தில் பொருதது என்று கல்வெட்டு கூறவில்லை, மாண்டது வேட்டையில். எனினும் அதனைப் பெற்றது போர்ப்பரிசாக. யானையும் ஊரும் பரிசாக நல்கும் உலகில் நாயைப் பரிசாகக் கேட்ட வீரனது மனநிலையைத்தான் புலவர் எவரும் பாடிற்றிலர்.

மேலைநாட்டிலும் இத்தகைய செய்திகள் உள. கி.மு. 490இல் நிகழ்ந்த மாரத்தான் போருக்கு ஏதென்சு வீரன் ஒருவன் தன் நாயை உடன்கொண்டு சென்றான் என்றும், ஏதென்சு நகரத்துச் சித்திர மண்டபத்தில் தீட்டப்பெற்ற அப்போரின் ஓவியத்தில் நாயும் இடம்பெற்றது என்றும் ஈலியன் எழுதுகிறார். எடுத்தனூரை அப்படியே நினைவூட்டும் செய்தி இது. ஆனால் ஈலியனது குறிப்பில் நாய்க்குப் பெயர் இல்லை. கோலோபன் நகரத்தார் நாய்ப்படையைப் போரின் முன்னணியில் நிறுத்தினர் என்று கூறும் பிளினி, சம்பளம் வேண்டாத நம்பிக்கையான துணைப்படை என்று அதனைப் பாராட்டுகிறார். கணக்கர் நோக்கிலான பாராட்டு!

பெயர் உடைமையும் இன்மையும் இக்காலப் போர்களிலும் வழக்காகவே இருந்தன. முதல் உலகப் போரின்போது 1917இல் ரிச்சர்ட்சன் என்னும் படைத்தலைவர் இங்கிலாந்தில் போர்நாய்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தினார். தொலைபேசிக் கம்பிகள் அறுந்த களத்தில் செய்தி கொண்டு ஓடுதல் அந்நாய்களின் தலையாய பணி. இரண்டாம் உலகப் போரில், 1944இல், பசிபிக் கடலின் குவாம் தீவினை அமெரிக்கக் கடற்படை வீரர் மீட்டபொழுது அவரோடு சென்ற நாய்கள் குகைகளிலும் காடுகளிலும் பதுங்கியிருந்தாரை மோப்பத்தால் முன்னறிவித்தன. அங்கே மாண்ட 25 நாய்களுக்கு 1994இல் அத்தீவில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. ஒரு டாபர்மன் நாயின் உருவமும் அதன்கீழ் 25 பெயர்களும் அதில் உள்ளன. உருவமும் பெயரும் கூடிய அவ்வமைப்பு, எடுத்தனூரை அறிந்தார்க்குப் புதிதன்று.

ஆனால் வியட்நாம் போரில் நிகழ்ந்தது வேறு. ஏறத்தாழ 4,000 நாய்கள் அமெரிக்கப் படையில் பணிபுரிந்தன. படை திரும்பியபொழுது உடன் திரும்பியவை மிகச் சிலவே. படைத்துறைக் கணக்கில் அவை தளவாடம் என்னும் வகையில் அடங்கின. மிகுந்த தளவாடத்தைக் கைவிடுவது போலவே பெரும்பாலானவை கைவிடப்பட்டன, அல்லது கொல்லப்பட்டன. உடன்நின்ற வீரர்கள் அவற்றைப் பெயர் சொல்லி அழைத்தனர். கணக்கேடு அவற்றைப் பொருளாக எண்ணியது. நம் இலக்கணத்தில் அஃறிணை என்பது உயிருள்ளதையும் உயிரில்லதையும் ஒருங்கு தழுவும். அந்த ஒரு வகைமைக்குள் நாயும் துப்பாக்கியும் அமையும்பொழுது என்ன விளையக்கூடும் என்பதை அக்கணக்கேடு காட்டிற்று. ஓய்வு பெற்ற படைநாய்களை அவற்றின் வீரர்களே ஏற்று வளர்க்க இடந்தரும் சட்டம் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு நவம்பரில்தான் இயற்றப்பட்டது. ராபி என்னும் நாயின் பெயரால் அச்சட்டம் வழங்கப்படுகிறது.

நம் நாட்டில் படைநாய்கள் மீரட்டில் பயிற்சி பெறுகின்றன. 2023 செப்டம்பரில் சம்மு-காசுமீர்ப் பகுதியின் ரஜௌரி மாவட்டத்தில், தன்னை நடத்திச் சென்ற வீரனைக் காத்து உயிர்நீத்த பெண் நாயின் பெயர் கென்ட். செய்தித்தாள்கள் அப்பெயரைத் தவறாது எழுதின.

இத்துறையில் செய்யவேண்டிய பணி இன்னும் எஞ்சியுள்ளது. பன்றி குத்திப் பட்டார்க்கு எடுத்த கற்களில் வீரனோடு நாயுருவமும் காணப்படுவதுண்டு. அவற்றை நடுகல் தொகுப்புகள் ‘வீரன், பன்றி, நாய்’ என்று ஒரு வரியில் கூறி அமைகின்றன. எழுத்துடைய கல்லில் நாய் பெயரின்றி நிற்பது எத்தனை, எழுத்தே இல்லாத கல்லில் நிற்பது எத்தனை, கரந்தைக் கல்லில் நிற்பது எத்தனை எனப் பிரித்து எண்ணிய பின்னரே, கோவிவனுக்குப் பெயர் எழுதியது அவ்வூராரின் தனிச் செயலா, செங்கத்து நிலப்பகுதியில் இருந்து மறைந்த வழக்கா என்பதைத் துணிய இயலும். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கக்கூடிய வேலை அது. எடுத்தனூர்க் கல்லை நேரிற்சென்று காண்போர், வீரனது வாசகத்தைப் படித்தபின் நாயின் வாசகத்தையும் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தனியே படித்துப் பார்த்தல் நன்று. வட்டெழுத்தின் வளைவுகள் அப்பொழுதுதான் தெளிவாகத் தோன்றும்.